ஒன்பதாவது வரிசைக்குக் கீழே

இது நடந்தது. பேய்க் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று கேலி எழுதியே வயிறு வளர்த்தவன் நான். இப்போது அதே வரியை நானே எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஆறு ஏக்கர். உழுதது அவர், உரிமை பேசியது நான். அதைச் சூரிய மின்சாரக் கம்பெனிக்கு இருபத்தைந்து வருடக் குத்தகைக்கு விடவைத்ததும் நான்தான். அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பெனி ஆட்கள் முன்னால் பத்திரத்தை நான் உரக்கப் படித்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கிணறு இருக்கும்ல?"

கிணற்றை மூடிச் சமப்படுத்திக்கொள்ளலாம் என்றது பதினேழாவது பிரிவு. நான் பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவினேன்.

"இருக்கும்ணா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கைநாட்டு வைத்தார். இரண்டு மாதத்தில் லாரி வந்து கிணற்றில் மண்ணைக் கொட்டியது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஐந்தாம் மாதம் இறந்துபோனார்.

கம்பெனியின் முதலாண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் 'பசுமையை நோக்கி ஓர் ஒளிப் பயணம்' என்று பலகை. அங்கே பச்சையாக இருந்தது அந்தப் பலகை மட்டும்தான். மேனேஜர் மேடையில் பூமித்தாயைக் காப்பாற்றி முடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் சோலார் பேனல்களுக்கு நடுவே நடந்தேன். காவலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார், ஒன்பதாவது வரிசைப் பக்கம் போகாதீங்க."

"ஏன், பேய் இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "பேனல் துடைக்கிற ஆளுங்க அங்க நிக்க மாட்டேங்கிறாங்க சார்."

பேய் ராத்திரியில்தான் வரவேண்டும் என்பது நாமாகப் போட்ட ஒப்பந்தம். அப்போது பகல் மணி 12.20.

ஒன்பதாவது வரிசை நிற்பது கிணறு இருந்த இடத்தில். மழை பெய்து நாற்பது நாளாகிறது. பக்கத்து வரிசையெல்லாம் புழுதி. இங்கே மட்டும் மண் ஈரமாக இருந்தது.

12.24. கிரீச்... கிரீச்... கிணற்று உருளை சுற்றுகிற சத்தம். ஏதோ மெஷின் என்று எனக்கே சமாதானம் சொன்னேன்.

சளப்...

வாளி தண்ணீரில் விழுந்தது. என் காலுக்கு அடியில். வெகு ஆழத்தில்.

ஓர் இருமல். அண்ணன் பேசுவதற்கு முன் இருமுகிற அதே இருமல்.

"தம்பி... பதினாறு படிச்சிட்டே."

குனிந்து மண்ணைப் பார்த்தேன்.

"அப்புறம்?"

பின்னால் நகர்ந்தேன். முதுகு பேனலில் இடித்தது.

"அப்புறம்...?"

ஓடினேன்.

நேராக அண்ணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி அழவில்லை.

"உங்க அண்ணனுக்குத் தெரியும். முந்தின நாளே எங்க பொண்ணு பத்திரம் முழுசும் படிச்சுக் காட்டிட்டா."

"தெரிஞ்சுமா கைநாட்டு வச்சார்?"

"தம்பியே சொல்லுவான்னார். விரல்ல மை தொடுற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருந்தார். அப்புறம், நாலு பேர் முன்னாடி உங்களைப் பொய்யனாக்க மனசு வரலையாம்."

அண்ணன் போனதிலிருந்து திறக்காத இரும்புப் பெட்டியைத் திறந்து அண்ணி பத்திரத்தை எடுத்தார். தாள்களெல்லாம் மொடமொடவென்று இருந்தன. ஒரே ஒரு தாளில் மட்டும் ஈரம்.

பதினேழாவது பிரிவு. அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

மையில் அல்ல. இன்னும் காயாத சேற்றில்.