என் தம்பி நின்ற லெஃப்ட் கார்னர்

எங்கள் ஊர் கபடி டீம் விடாமல் தோற்றுக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும் ஊரில் எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான் இருந்தது. நல்ல ரைடர் ஒருத்தனைப் பிடி. டீக்கடையிலும் அதைத்தான் சொன்னார்கள், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்திலும் அதைத்தான் சொன்னார்கள். ரைடர் என்றால் பாடிக்கொண்டே எதிராளியின் கோட்டுக்குள் போய்த் தொட்டுவிட்டு வருகிறவன். விசில் எல்லாம் அவனுக்குத்தான். அதனால் தோற்கும்போதும் அவன் நினைப்புதான் எல்லோருக்கும் வருகிறது.

நான் வேறு மாதிரி நினைத்தேன். எங்களிடம் ரைடர் இருந்தான், இரண்டு பேர். அவர்கள் கொண்டுவந்த பாயின்டை எல்லாம் எங்கள் பிடி ஆட்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவனைப் பிடிக்க முடியாத டீமுக்கு எத்தனை ரைடரைக் கொண்டுவந்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண் பிள்ளை ஆட்டம் பார்க்க வரலாம், யோசனை சொல்லக்கூடாது என்று யாரும் தடுத்ததில்லை. எனக்கு வராது, அவ்வளவுதான். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும்.

பத்தாவது வரை படித்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நிற்கிறேன். பிளாஸ்டிக் பாகங்கள் வரும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை டிரே. இல்லையென்றால் என்ஜி, அதாவது நாட் குட், சிவப்பு டிரே. ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் கம்பெனிக்குப் போவதால் என்ஜி என்ற வார்த்தை இப்போது எல்லோருக்கும் தெரியும். குழம்பில் உப்பு அதிகமானாலும் என்ஜி, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றாலும் என்ஜி. ஆனால் என் டேபிளில் என்ஜி என்றால் குப்பை இல்லை. சிவப்பு டிரேயில் விழுவதில் பாதிக்கு மேல் ரீவொர்க்குக்குப் போகும். பிசிறு சீவி, ஓட்டையைச் சரிசெய்து, வேறு இடத்தில் பொருத்துவதற்காகவாவது திரும்பி வரும். அது டேபிளில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

என் தம்பி எங்கள் டீமின் லெஃப்ட் கார்னர். என்னைவிட நாலு வயது சின்னவன். மீசை சரியாக முளைக்காத வயதில் அந்த மூலையில் நின்றவன், பதினேழு வருஷம் அங்கேயே நின்றான். ரைடர் கால் நீட்டும் நேரத்தில் குனிந்து கணுக்காலைப் பிடிப்பது அவன் வேலை. படப்பை பக்கத்து டீம்காரர்கள்கூட அவன் இருக்கும் மூலைக்கு வரப் பயந்த காலம் ஒன்று இருந்தது.

அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருமுறை வாலாஜாபாத் பக்கம் நடந்த ஆட்டத்தில், எதிர் டீம் ரைடர் ஒருத்தன் கால் நீட்டுவதற்கு முன்னால் வலது குதிகாலை லேசாகத் தூக்குவதைப் பார்த்தேன். இடைவேளையில் தண்ணீர் கொடுக்கும்போது தம்பியிடம் சொன்னேன். அடுத்த பாதியில் அவனை மூன்று முறை பிடித்தான். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. நான் சாப்பாட்டுப் பையோடு வேப்பமரத்தின் பக்கம் நிற்பேன். ரைடர் வலது காலில் வருகிறவன் என்றால் பை என் வலது தோளில் இருக்கும். இடது கால்காரன் என்றால் இடது தோள். கையில் பிடித்திருந்தால் எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஒவ்வொரு ரைடுக்கும் முன்னால் அவன் கோட்டைத் தொட்டு நெஞ்சில் வைத்துவிட்டு மரத்துப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். சாமியைப் பார்க்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தத் திசையில் ஒரு அம்மன் கோயிலும் இருந்தது.

தம்பிக்கு வேலை கம்பெனி பஸ் ஓட்டுவது. நான் போவதும் அவன் பஸ்ஸில்தான். ஒரகடம் ரோட்டில் காலை நேரத்தில் டிரெய்லர்களுக்கு நடுவில் பஸ் ஓட்டினால் இடது கால் கிளட்ச்சை விட்டு வராது. மிதி, விடு, மிதி, விடு. வருஷக்கணக்காக அப்படி மிதித்ததில் இடது முட்டி தேய்ந்துபோனது. அவன் சொல்லவில்லை. படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தான். நான் பார்த்தேன்.

பிறகு மைதானத்திலும் பார்த்தேன். மணிமங்கலத்துப் பையன்கள் ஆட வந்திருந்தார்கள். வந்தவன் வலது கால்காரன். பையை வலது தோளில் மாட்டினேன். தம்பி பார்த்தான். ரைடர் கால் நீட்டியபோது தம்பியின் கண் சரியான இடத்துக்குப் போனது, உடம்பு சரியாகச் சாய்ந்தது, முட்டி மட்டும் மடங்கவில்லை. விரல் நுனியில் தட்டிவிட்டுக் கால் போய்விட்டது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை அவன் மரத்துப் பக்கம் பார்க்கவில்லை. தெரியாமல் விட்டால் பரவாயில்லை. தெரிந்தும் பிடிக்க முடியாமல் விடுவதை நானும் பார்க்கிறேன் என்பதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர்தான் டீமுக்குச் செகரட்டரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, புது டீம் எழுத வேண்டும் என்று ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த வாட்டி ஒரு ரைடரை இறக்கியே ஆவணும்."

"ரைடரு கீறாங்க. நம்மாளுங்க பிடிக்கிறதில்ல."

"இன்னா, கோச்சம்மா ஆரம்பிச்சிட்டாங்களா? சொல்லு, சொல்லு. மீனும் ஆயறே, டீமும் ஆயறே."

வீட்டில் அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். அதிலும் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்துவிட்டது.

"லெஃப்ட் கார்னரு என்ஜி," என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி, உன் தம்பிடி அவன்!"

"முழுசா கேளுங்க. அவனை மூலையிலேர்ந்து உள்ள தள்ளி கவருக்கு மாத்துங்க. கவர்ல அப்படி முட்டிய மடக்க வேணாம், நின்னுகினே ஆளை மறிக்கலாம். ஆட்டம் அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி இன்னொருத்தனுக்குத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல மத்தவங்க பிடிப்பாங்க. கார்னருக்கு நம்ம மேல் வூட்டுப் பையனைப் போடுங்க."

மேல் வீட்டுப் பையன் தூத்துக்குடி பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தவன், பிராக்டிஸில் மட்டும் எங்கள் ஆட்களோடு ஆடுவான். பையன் என்று சொல்கிறேனே தவிர இருபத்தாறு வயது ஆள். ஊர்க்காரன் இல்லாதவனை டீமில் சேர்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் டீமே இருக்காது என்று சொன்னேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

சாயங்காலம் மைதானத்தில் கூடிப் பேசினார்கள். நான் போகவில்லை. நடந்ததை மேல் வீட்டுப் பையன் படியில் உட்கார்ந்து சொன்னான்.

"யக்கா, கார்னரை மாத்தணும்னு மாமா சொன்னாவ. எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாவ. பதினேழு வருசமா நிக்கிறவனை எவன்யா மாத்தச் சொன்னதுன்னு ஒருத்தர் கேட்டாரு. மாமா பயந்துட்டாவ போல. நான் சொல்லலப்பா, எங்க வூட்ல சொல்றா, லெஃப்ட் கார்னரு என்ஜியாம்னுட்டாவ. ஒரே சிரிப்பு."

"தம்பி?"

"அண்ணனும் சிரிச்சாருக்கா. பொறவு அவரே சொன்னாரு, இவனுக்குக் குடுங்க, நல்லா பிடிக்கான்னு."

கவர் என்று யாராவது பேசினார்களா என்று கேட்டேன். அவன் யோசித்துப் பார்த்து, இல்லை என்றான்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஐந்து நிமிட நடை. போய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பஸ் வந்தது. எங்கள் ஸ்டாப் வருவதற்குள் பஸ் பாதி நிறைந்துவிடும், எல்லாம் பெண்கள். வழக்கம்போல அவனுக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் திரும்பாமல் கேட்டான்.

"என்ஜின்னு சொன்னியாமே."

பக்கத்து வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், அவள் வீட்டிலும் இந்தக் கதை போயிருக்கும். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். கவர், ரீவொர்க், நீ இல்லாமல் டீம் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் அதில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"ம்," என்றேன்.

"கரெக்டாத்தான் சொல்லிகீறே," என்றான். கிளட்ச்சை மிதித்து கியர் போட்டான்.

அந்த வாரமே ஜெர்சியைத் துவைத்து மடித்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரிப் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் அவன் மனைவிதான் இருந்தாள். "டூட்டிக்குப் போயிட்டாரு அண்ணி, வந்தா சொல்றேன்," என்றாள்.

மேல் வீட்டுப் பையன் கார்னரில் நன்றாகவே ஆடினான். படப்பை டீமோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த வெற்றி. என் கணக்கு சரி என்று தெரிந்தது. அந்த ஆட்டத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

கடைசி ஐந்து நிமிஷம். இரண்டு பாயின்ட் வித்தியாசம். வந்த ரைடர் இடது கால்காரன் என்பதை முதல் பாதியிலேயே பார்த்து வைத்திருந்தேன். பை என் வலது தோளில் இருந்தது. என்னை அறியாமல் எடுத்து இடது தோளில் மாட்டினேன். மேல் வீட்டுப் பையனுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் இடது காலைப் பிடித்தான். எல்லோரும் கத்தினார்கள். நானும் கைதட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். எதிர்ப்பக்கம், கூட்டத்துக்குப் பின்னால், பைக்கில் உட்கார்ந்தபடி தம்பி இருந்தான். டிரிப் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், காக்கிச் சட்டைகூட மாற்றவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இல்லை என்று தலையாட்டினேன். நடுவில் ஆட்கள் எழுந்து குதித்தார்கள். அவர்கள் உட்கார்ந்தபோது அங்கே பைக் இல்லை.

நாலு மாதம் போனது. மேல் வீட்டுப் பையனுக்கு கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. "வாரேம்க்கா," என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். டீமில் மறுபடியும் லெஃப்ட் கார்னர் காலி.

"நீ போய்க் கேளு. நீ சொன்னா வருவான்," என்றார் வீட்டுக்காரர்.

"நான் சொல்லித்தானே போனான்," என்றேன். அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் போனேன். டீமுக்காக இல்லை. அன்றைக்கு ஞாயிறு மத்தியானம். ரோட்டோரம் பஸ்ஸை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தான். யாரும் இல்லை. முதல்முறையாக என்னால் அவனிடம் முழுசாகப் பேச முடிந்தது. கவருக்கு மாற்றச் சொன்னதைச் சொன்னேன். என்ஜி என்றால் என் டேபிளில் என்ன என்று சொன்னேன். அவன் பிரஷ்ஷை நிறுத்தாமல் கேட்டான்.

"ரீவொர்க்குன்னு சொல்றே."

"ஆமாண்டா."

"அதை அன்னிக்கு பஸ்ல சொல்லியிருந்தா மூஞ்சைத் தொங்கப்போட்டுகினாவது வந்து நின்னிருப்பேன்க்கா." வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். "அதுகூட வுடு. அவனுக்குப் பையை மாத்தினியே. அது நம்ம ரெண்டு பேருதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அவனுக்கு அது இன்னான்னே தெரியாதுடா. சத்தியமா. கை தானா போச்சு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனுக்கும் கால் தானாத்தான் போச்சு," என்றான். பிறகு, "வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ," என்றான்.

டீம் இப்போது ஒரு ரைடரைப் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். போன மாதம் மூன்று ஆட்டம் தோற்றார்கள். மூன்றிலும் பாயின்ட் போனது லெஃப்ட் கார்னர் பக்கம்தான் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். நான் மைதானத்துக்குப் போவதில்லை.

கம்பெனிக்கு இப்போதும் அவன் பஸ்ஸில்தான் போகிறேன். "ஏறுக்கா" என்பான், "பாத்து எறங்கு" என்பான். அதற்கு மேல் பேச்சு இல்லை. அதே சீட்டில் உட்காருகிறேன். டிரெய்லர் வரிசையில் பஸ் நிற்கும்போது அவன் இடது கால் கிளட்ச் மேல் லேசாக நடுங்குவது அங்கிருந்து தெரியும். எப்போதாவது மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான். முன்பு மரத்துப் பக்கம் பார்த்த அதே பார்வையா, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கிறானா, எனக்குப் புரிவதில்லை. பையைத் தோளில் மாட்டுவதை விட்டுவிட்டேன். கையில்தான் பிடித்திருக்கிறேன்.