டிரைவர் பக்கம்

என் கணவர் யாழ்ப்பாணத்தில் மெக்கானிக். மொன்றியலுக்கு வந்தபின் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கினார். பத்து வருடமாக ஒரு கராஜ் விடாமல் ஏறி இறங்கியும், இங்கத்தைய பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே எல்லாரும் அனுப்பிவிட்டார்கள். இரண்டாயிரத்துகளின் நடுவில்தான், பழைய அமெரிக்கக் கார்கள் திருத்தும் ஒரு கியூபெக் கிழவர், நான் மொழிபெயர்க்க, வேறு மாதிரிச் சொன்னார். "நீ வேலை செய்த கார் ஒன்றை மாதக் கடைசித் திங்கட்கிழமை கொண்டு வா. ஓட்டிப் பார்க்கிறேன்."

இவரிடம் அப்படி ஒன்று இருந்தது. எழுபதுகளில் வந்தது, இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். மூக்கு மட்டும் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் நான் சமைக்கும் குசினி நீளம். நேர் ரோட்டில் ராசா மாதிரிப் போகும். வளைவு வந்தால் சண்டித்தனம். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

அந்தச் சண்டித்தனத்தை அடக்கப் புது ஸ்டியரிங் பெட்டி, புது ஸ்பிரிங், முன் சில்லுகளை மேலிருந்து பிடிக்கும் இரண்டு ஆர்ம் எல்லாம் வந்து இறங்கின. "இந்த ஆர்ம் கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சிருக்கும். வளைவு முடிய ஸ்டியரிங் தானா நேருக்கு வரும், பாரும்" என்றார் இவர். பின் ஒழுங்கையில் வாடகைக்கு எடுத்த கராஜில் இரண்டு சனி ஞாயிறு வேலை. எனக்கு டோர்ச் பிடிக்கும் உத்தியோகம். கை கொஞ்சம் ஆடினால் ஏச்சு.

இரண்டாம் ஞாயிறு மத்தியானம், ஊரில் செய்வதுபோல நூல் பிடித்துச் சில்லுகளை நேர் பார்த்தார். என்னை ஏற்றாமல் ஓடிப் பார்க்கப் போனவர் முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"திருப்பினா திருப்பினபடியே நிக்குது. நேர் ரோட்டில நெளியுது."

ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தார். மூன்று தரம் நூல் பிடித்தார். ஒரு பிழையும் தெரியவில்லை. கடைசியில் பழைய டயர் ஒன்றின்மேல் இருந்துவிட்டார்.

"கை விட்டிட்டுது. பத்து வருசம் பெட்டி தூக்கின கை. வரேல்லையெண்டு அந்தாளுக்குச் சொல்லிவிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை ஏசுவது என்று தெரியாமல், சாமான் வந்த மட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கத் தொடங்கினேன். இடப்பக்கச் சில்லடியில் கிடந்ததைத் தூக்கியபோதுதான் எழுத்தைக் கண்டேன்.

"இஞ்சாருங்கோ, இதில பாசஞ்சர் பக்கம் எண்டெல்லோ போட்டிருக்கு? ஏன் இஞ்சை கிடக்குது?"

"பாசஞ்சர் பக்கம் இடப்பக்கம்தானே..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

ஊரில் டிரைவர் இருப்பது வலப்பக்கம். இங்கே பத்து வருடமாக இடப்பக்கம் இருந்து ஓட்டியவர்தான். ஆனால் ஆணி பூட்டும் சாவியைப் பிடித்தவுடன் அந்தக் கைகள் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டன. பக்கம் மாறிப் பூட்டியதால், பின்னுக்குச் சரிய வேண்டிய ஆர்ம்கள் இரண்டும் முன்னுக்குச் சரிந்து நின்றன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொழுது படுவதற்குள் இரண்டையும் கழற்றி மாற்றிப் பூட்டினார்.

"நாளைக்கு இதைப் பற்றி மூச்சு விடாதேங்கோ" என்று சொல்லித்தான் திங்கட்கிழமை கூட்டிப் போனேன்.

கிழவர் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஒரு வளைவு முடிவில் கையை எடுத்தார். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேருக்கு வந்தது. கராஜுக்குத் திரும்பியதும், வேலையில் ஏதும் சிக்கல் வந்ததா என்று பிரெஞ்சில் கேட்டார். இவருடைய பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி'யோடு முடிந்துவிடும். கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன்.

"நடந்ததைச் சொல்லும்" என்றார் இவர்.

"உங்களுக்கென்ன விசரே? வேலை போயிடும்."

"சில்லு விஷயத்தில பொய் சொல்லப்படாது. சொல்லும்."

சிக்கல் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் என் பொய் தெரிந்திருக்காது. சொல்லத்தான் வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. வலப்பக்க டிரைவர் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

கிழவர் சிரிக்கவில்லை. "பிழையை மறைத்தவர்களைத்தான் நான் இங்கிருந்து அனுப்பியிருக்கிறேன். புதன்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்" என்றார்.

அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு, கிழவருக்குத் தலையை ஆட்டி, மேசையில் கிடந்த, காரைக் கிளப்பும் திறப்பை எடுத்தார்.

"பரவாயில்லை. வேறை இடம் பாப்பம். அழாதையும். வாரும், போவம்" என்றார்.