எவாஞ்சலின் தேய்த்த காசுகள்

"யார் இதைத் தேய்த்தது?" என்று ஒரு வெள்ளிக் காசைத் தூக்கிக் காட்டி ஜெயகரன் கேட்டபோது, தேவாலயக் கமிட்டி அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். கடைசி நாற்காலியில் இருந்த எவாஞ்சலின்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"நாந்தான் தேய்ச்சேன். பின்ன, கறுத்துப்போய்க் கெடக்கட்டும்னு விடச் சொல்றீங்களா?"

"விட்டிருக்கணும்க்கா. அதான் இப்பப் பிரச்சனையே."

லோத்குண்டாவில் ஒரு நர்சிங் ஹோமின் துணி அறையைப் பார்த்துக்கொண்டே வேலைக்காலம் முழுவதும் ஓட்டியவள் எவாஞ்சலின். படுக்கை விரிப்பில் ஒரு மங்கல் தெரிந்தால் போதும், மேட்ரன் அதை அவள் முன்னால் விசிறி எறிவாள். மறுபடி சலவை. வெளுப்பு என்றால் வேலை நிலைக்கும், கறை என்றால் திட்டு விழும். அவளுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். ஓய்வு பெற்றதும் அந்தக் கையோடு சபைக்கு வந்தாள். பீடத்துத் துணிகள், நற்கருணைக் கிண்ணம், தட்டு எல்லாம் அவள் பொறுப்பு. ஆயர் அங்கி மாட்டும் வெஸ்ட்ரி அறையில் உள்ள அலமாரியின் சாவி அவள் கைப்பையில். சம்பளம் கிடையாது. ஆனால் அந்தச் சாவி பையில் கிடக்கிற வரைக்கும் தான் யாரோ ஒருத்தி என்ற தைரியம் அவளுக்கு இருந்தது.

அதே அலமாரியில்தான் காசு டப்பாவும் இருந்தது. எப்போதோ ஒரு ரயில்வே கார்டு சாகும் முன் ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கொடுத்த நிஜாம் காலத்து வெள்ளி ரூபாய்கள். முகப்பில் சார்மினார், அதன் வளைவுக்குள் ஓர் உருது எழுத்து. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையன்று பீடத்தில் கரும்பு, பூசணிக்காய், வாழைக்குலை நடுவே ஒரு தட்டில் அவற்றைப் பரப்பி வைப்பார்கள். முந்தின சனிக்கிழமை எவாஞ்சலின் உட்கார்ந்து கிண்ணத்தையும் காசுகளையும் ஒன்றாகப் போட்டுத் தேய்ப்பாள். மறுநாள் வெயில் பட்டுத் தட்டு கண்ணைப் பறிக்கும்.

இந்த வருஷம் செயலாளர் ஜெயகரன் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். தரம் பார்ப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றனவாம். காசு அசல்தானா என்று சோதித்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிரந்தரமாக அடைத்துத் தருவார்களாம். அப்படி அடைத்த காசுக்கு மவுசே வேறாம். அனுப்பலாமா என்று கேட்க, ஒரு காசை சுல்தான் பஜார் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். தேய்த்த காசுக்கு மார்க் போடமாட்டார்கள்; தேய்க்கப்பட்டது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், அந்த முத்திரையோடு வந்தால் வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்றார்.

"எல்லாத்தையும் அனுப்பிப் பாக்கலாமா, அப்படியே விட்டுடலாமா, அதான் இன்னைக்கு முடிவு பண்ணணும்" என்றார் ஜெயகரன். பிறகு எவாஞ்சலின் பக்கம் திரும்பினார். "எதைப் போட்டுக்கா தேய்ச்சீங்க?"

"திருநீறு."

ஜெயகரன் பேனாவைக் கீழே வைத்தார்.

"திருநீறா? நற்கருணைக் கிண்ணத்தையுமா?"

"ஆமா. பக்கத்து வீட்டு சாவித்ரி அம்மா வெள்ளிக் குத்துவிளக்கை அதுலதான் விளக்குவாங்க. கீறல் விழாது, நல்லாப் பளிச்சுனு வரும்னாங்க. பாக்கெட் வாங்கி வெள்ளியைத்தான தேய்ச்சேன், நெத்தியிலயா பூசினேன்?"

யாரோ சிரித்தார்கள். ஜெயகரன் சிரிக்கவில்லை. காசு விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். "அதுவரைக்கும் அலமாரிச் சாவி என்கிட்ட இருக்கட்டும்க்கா" என்று கை நீட்டினார்.

அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆத்திரம் வந்தால் அந்த ஊர் உருதுவும் அவள் பேச்சில் கலந்துவிடும். செருப்பை ஒரு மூலையிலும் பையை ஒரு மூலையிலும் எறிந்தாள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மகள் ஸ்வீட்டி, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒவ்வொரு அறுப்புப் பண்டிகைக்கும் இந்த ஜெயகரன் என்ன சொல்வார் தெரியுமா? 'அக்கா, என்னா மினுக்கு! உங்க கை பட்டாத்தான் வெள்ளி வெள்ளியா இருக்கு.' மைக்குல சொல்லியிருக்கார்டி! இப்ப, யார் தேய்ச்சதுன்னு கேக்கறார். கைக்கு? ஏன்டி, எனக்கு மட்டும் கைக்கு இந்தக் கேள்வி?"

"ஹவ்மா, ஆமா, நீ சொல்றது கரெக்ட்தான். லேகின் கடைக்காரரும் பொய் சொல்லலே." ஸ்வீட்டி போனில் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினாள். ஒன்று தேய்க்காத காசு. சாம்பலும் ஊதாவுமாக மங்கி இருந்தது. ஆனால் மினாரின் ஒவ்வொரு வரியும் தெளிவாகத் தெரிந்தது. மற்றது போன பண்டிகையன்று அவள் எடுத்த படம், சபைக் காசு. பெரிதாக்கியதும் முடியிழை போன்ற கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடின. மினார்களின் உச்சி மழுங்கியிருந்தது.

எவாஞ்சலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடுகள் அவள் விரல் போன வழிகள். கீறல் விழாது என்று நம்பிய கை.

"என் டிகிரியை லேமினேட் பண்ணினியே, அந்த மாதிரிம்மா" என்றாள் ஸ்வீட்டி மெல்ல.

மகளின் பட்டச் சான்றிதழ் நனையக்கூடாது, கசங்கக்கூடாது என்று வந்த வாரமே அதைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்தவள் எவாஞ்சலின். சான்றிதழ் சரிபார்க்கிற இடத்தில் அதைத் தூக்கிப் பார்த்து, லேமினேட் பண்ணினது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

"பாத்தியா! உன் காகிதத்தைப் பிளாஸ்டிக்ல போட்டா செல்லாது. காசைப் பிளாஸ்டிக்ல போட்டாத்தான் செல்லும். யார்டி இந்தச் சட்டமெல்லாம் எழுதறது? நம்மகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா அவங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?"

ஸ்வீட்டியும் இந்தக் கேள்வியைப் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான்.

அது மழைக்காலம். மழையில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். சாவியை வாங்கிய ஜெயகரனுக்கு, சாவியோடு ஒரு வேலையும் சேர்ந்து வருகிறது என்று தோன்றவே இல்லை. அடுத்த நற்கருணை ஞாயிறு வந்தது. முதல் மணி அடித்து, பாட்டுக்காரர்கள் வரிசையில் நின்ற பிறகு, அவர் வியர்க்க வியர்க்கக் கடைசி வரிசைக்கு வந்து குனிந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் வெஸ்ட்ரிக்கு வாங்க."

"நக்கோ, வரலே. எனக்கு அங்க என்ன வேலை?"

"ஆயர் கூப்பிடறார்க்கா."

போனாள். மேஜைமேல் கிண்ணம் இருந்தது. விளிம்பெல்லாம் கருமை, அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம். அங்கி போட்டுத் தயாராக நின்ற ஆயர் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

எவாஞ்சலின் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "நல்லாத்தான இருக்கு. யாரும் கை வைக்கலே. இப்படியே அனுப்புங்க ஜெயகரன், எழுபதுக்கு எழுபது வரும்."

ஆயர் சிரிப்பை மறைக்க ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். ஜெயகரன் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கமிட்டியில வச்சுத்தான கேட்டீங்க, யார் தேய்ச்சதுன்னு? அதே கமிட்டியில சொல்லணும், வருஷா வருஷம் மினுக்கு மினுக்குன்னு மைக்குல பாராட்டினது யாருன்னு. நான் தேய்ச்சது தப்புதான். போட்டோவுல பாத்தேன், ஒத்துக்கறேன். ஆனா தப்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை."

"சொல்றேன்க்கா."

"காசு?"

"அனுப்பலே. உங்க பேரு இல்லேன்னாலும், தேய்ச்சதுன்னு எழுதி வந்தா அது நம்ம சபையைப் பத்தித்தான. வழக்கம்போலத் தட்டுலயே வைப்போம். ஆனா இனிமே தேய்க்க வேண்டாம்க்கா."

"கறுப்பாவா வைப்பீங்க? பீடத்துல?"

"கறுப்பாத்தான்."

அவள் சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். அதே பையிலிருந்து ஒரு பழைய பனியன் துணியையும், மடித்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னப் பாக்கெட்டையும் வெளியே எடுத்தாள். இத்தனை நாளும் அவற்றைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாக்கெட்டைப் பார்த்ததும் ஜெயகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆயர் அவர் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.

இரண்டாம் மணி அடித்தது. எவாஞ்சலின் கிண்ணத்தை மடியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். அலமாரிக்குள் டப்பாவில் காசுகள் கறுத்துக்கொண்டிருக்கும். இனி கறுத்துக்கொண்டேதான் இருக்கும். அதுதான் சரி என்று புரிந்துவிட்டது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.