நெஞ்சளவுத் தண்ணீரில் வந்த பதில்

சபையில் கூடியிருக்கிற எல்லாருக்கும் என் அன்பு. நான் பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரி, பெயர் எஸ்தர். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். சென்னையில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கினேன். பிச்சாவரத்துச் சேற்று நண்டை உயிரோடு சென்னை ஓட்டல்களுக்கு அனுப்புவதுதான் தொழில்.

போன தை மாதம் முதல் லோடு போனது. பெட்டியைத் திறந்ததும் ஓட்டலிலிருந்து போன்.

"மேடம், ஒண்ணுகூட அசையல."

அத்தனையும் செத்துப்போயிருந்தன. என்னோடு சேர்ந்து தொழில் தொடங்கிய தோழி அன்றைக்கே விலகிக்கொண்டாள். கடலூரில் முதலீட்டாளர்கள் முன்னால் பேச எட்டே நாள்தான் இருந்தது. என்னத்தைப் பேசுவேன்? சிதம்பரத்தில் ஆபீசுக்கென்று எடுத்திருந்த அறையில் முழங்காலிட்டு அழுதேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

மறுநாள் காலை செல்வி வந்தாள். எங்களுக்கு நண்டு பிடித்துத் தருகிறவள்.

"அக்கா, ஒரு தபா எங்ககூட தண்ணிக்கு வாங்களேன்."

ஆறு மாதமாக அவளோடு பழகியவள், ஒருநாளும் அவளோடு தண்ணீரில் இறங்கியதில்லை. போனேன்.

சுரபுன்னை மரங்களுக்கு நடுவே நெஞ்சளவுத் தண்ணீர். பனி இன்னும் விலகவில்லை. இலைகளுக்குள்ளிருந்து வெளிச்சம் பச்சையாய்ச் சொட்டியது. என் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பயம் மெல்லக் கரைந்தது. பக்கத்தில் யாரோ நிற்பது போலவே இருந்தது.

வேர்ப்பொந்தில் கையை விட்டபடி செல்வி கேட்டாள். "பெட்டில என்னா போட்டீங்க?"

"ஐஸ்."

"ஐயோ, அதான்க்கா! கால கட்டி, ஈரச் சாக்கு போத்தி, நெழல்ல வச்சாப் போதும். ரெண்டு நாளு உசுரோட கெடக்கும்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

தண்ணீரில் நின்றபடியே அழுதேன். என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது.

அவள் சொன்னபடி செய்து பார்த்தோம். இரண்டாம் நாளும் சாக்குக்குள் நண்டுகள் நகர்ந்தன. கடலூர் மேடைக்குச் செல்வியையும் அழைத்துப்போனேன். ராத்திரி பகலாகத் தயாரித்த ஸ்லைடுகளைத் திறக்கவில்லை. முதல் லோடு செத்த கதையில்தான் ஆரம்பித்தேன். கனவில் நடப்பது போல வார்த்தைகள் தானாக வந்தன.

ஒருவர் கேட்டார். "இந்த ஈரச் சாக்கு ஐடியா யாருது?"

"இவங்களுது சார்."

"அப்ப கம்பெனியில இவங்க யாரு?"

நான் யோசித்தே பார்க்காத கேள்வி. ஆனால் வாய் சொல்லிவிட்டது. "பாதி கம்பெனி இவங்களுது."

செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தாள். முதலீட்டுக்கு எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றைக்கு வாராவாரம் நண்டு உயிரோடு போகிறது. சரக்கு கட்டும் முறையெல்லாம் செல்வியின் பொறுப்பு. எல்லாம் தெரியும் என்றிருந்த என்னை ஆண்டவர் உடைத்துப் புதிதாக வனைந்தார். அவருக்கே நன்றி. தொழில் தொடங்கும் ஆசையோடு இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களே, தோல்வியை மறைக்காதீர்கள். அவரிடம் கேளுங்கள். அவர் உங்கள் பக்கத்தில் வைத்திருக்கிற மனுஷியிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள்.