தொடக்கக் கோப்பைத் தொலைத்த திங்கட்கிழமை

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கணினியைக் கட்டி மேய்ப்பதே எனக்கு உத்தியோகமாகிவிட்டது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதிலும் தயாராகக் கிடைப்பதை ஏற்காமல், மூலநிரலை இறக்கி நானே தொகுத்து நிறுவுகிற வியாதி. ஒரு ஞாயிறு மதியம், திரையில் சாளரங்களை அடுக்கிக் காட்டும் நிரலின் புதிய பதிப்பை அப்படி நிறுவினேன். கட்டளை ஏதேதோ சொல்லிக்கொண்டே போனது. பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை. அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திங்கள் காலை கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். கூலி வேலை செய்பவர். மகளின் சாதிச் சான்று விண்ணப்பம், ஓர் இணைப்பு ஆவணம் குறைந்ததால் திரும்பியிருந்தது. மேல்முறையீட்டு மனுவைக் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க அன்றே கடைசி நாள். அவர் முன்பே கேட்டுக்கொண்டபடி மனுவை என் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன், அச்செடுப்பதுதான் பாக்கி.

கடவுச்சொல்லைப் போட்டேன். திரை கறுத்தது, மறுபடி கடவுச்சொல் கேட்டது. ஐந்து முறை அதே கதை.

"இன்னா சார், உள்ள வுட மாட்டேங்குதா?" என்றார் அவர்.

"என் வூட்டுலயே என்னை வாசல்ல நிக்க வெச்சிருக்கும்மா."

எழுத்து மட்டுமே தெரியும் கறுப்புத் திரைக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் எந்த நிரல் எந்த வரிசையில் எழ வேண்டும் என்று சொல்லும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளாக அதில் வரி வரியாகச் சேர்த்திருந்தேன். புதிய நிறுவல் ஒரு வார்த்தை கேட்காமல் தன் மாதிரிக் கோப்பை அதன்மேல் எழுதிவிட்டிருந்தது. அந்த மாதிரியோ, என்னிடம் இல்லாத நிரலை எழுப்பச் சொல்லித் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. பழைய கோப்புக்கு நகல் இல்லை.

அலுவலக நகல் வைக்காமல் கடிதம் அனுப்பிய எழுத்தர்களுக்கு, ஒழுங்கு நடவடிக்கை விதி பதினேழு அ பிரிவில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தவன் நான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் விளக்கம் எழுதினார். ஏற்கத்தக்கதல்ல என்று எழுதினேன். இப்போது என்னிடம் விளக்கம் கேட்கக்கூட ஆளில்லை.

மனைவி மட்டும் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். "நேத்து நல்லாத்தான இருந்துச்சு? எதுக்கு நோண்டிக்கினே இருக்கீங்க?"

மனு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. கட்டம் கட்டமாகக் காட்டியது. பழைய தொடக்க வரிகளை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பாதி மறந்துபோயிருந்தது. மணி பத்தைத் தாண்டியது. அந்த அம்மாள் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கையால எழுதுனா வாங்கிக்க மாட்டாங்களா?"

வாங்குவார்கள். அந்த விதி எனக்குத் தெரியும். அவர் கேட்கும்வரை தோன்றத்தான் இல்லை.

தட்டச்சில் நான்கு பக்கம், அரசாணை எண்களோடு. கையால் எழுதியபோது ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. எண்கள் நினைவில்லை, விரல்களும் ஒத்துழைக்கவில்லை. பெண் படிக்கிறாள், சான்று வேண்டும், விடுபட்ட இணைப்பு இதோ, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஒரு மணிக்கு அவர் போன் செய்தார்.

"வாங்கிக்கினாங்க சார், ரசீதும் குடுத்தாங்க. அங்க கீற ஐயா படிச்சுட்டு, யாரு எழுதுனது, சுருக்கமா கீதேன்னாரு."

முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் என் குறிப்பை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பத்திரமாக மலையேறுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.