பிலோமினா அக்காவின் அட்டை மாலைகள்

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஒரு பார்வையாளர் அட்டையைத் தந்து கழுத்தில் மாட்டச் சொன்னார். நீல நாடாவில் தொங்கிய அட்டை. புதுப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதுமே தாழ்வுபாட்டுக் கிராமத்துப் பிலோமினா அக்காவின் வீட்டு மேசை ஞாபகம் வந்துவிட்டது. பாசிமணிப் பைகளும் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் சுருள்களும் குவிந்து, அங்கேயும் இதே வாடைதான் அடிக்கும்.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அறிக்கை எழுதத் தெரியாது, மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. வாய் மட்டும் நன்றாக ஓடும். அந்த வாயால்தான், கந்தோர் ஆட்களின் அடையாள அட்டையைத் தொங்கவிட மணிமாலை கோத்துத்தர ஒரு கெட்டிக்காரி இருக்கிறார் என்று மேலதிகாரியிடம் அளந்துவிட்டேன். முதல் நாற்பது பிடித்தால் மாதாமாதம் வேலை. பிடிக்காவிட்டால் அக்கா திரும்பவும் கருவாடு காயவைக்கிற வாடிக்குத்தான் போகவேண்டும். உப்பில் வெடித்த அவருடைய விரல்களைப் பார்த்திருந்தால், நான் ஏன் அப்படி அளந்தேன் என்று உங்களுக்கும் விளங்கும்.

மாலைகள் வந்தன. அழகென்றால் அப்படி ஓர் அழகு! கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் பேசத் தொடங்கினார். பேச்சு இழுபட்டுக்கொண்டே போனது. பேசப் பேச அவர் விரல் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டியது. முன்வரிசைப் பெண்களின் கண்ணெல்லாம் அந்த விரலில்தான். பத்துச் சின்ன மணி முடிந்து பெரிய மணி வந்ததும், அத்தனை பேரும் ஒரே குரலில், "ஆமென்!"

அக்கா வருசா வருசம் மடுத் தேவாலயத் திருவிழாவுக்குச் செபமாலை கோத்து விற்றவர். அந்தக் கை, பத்துக்கு ஒரு பெரிய மணியை இதிலும் போட்டுவிட்டது. சிலுவை இருக்கவேண்டிய இடத்தில் அட்டை.

"என்னக்கா இது?" என்றேன், பக்கத்தில் நின்ற அக்காவின் காதுக்குள்.

"ஐயோ பிள்ளை, என்ர கைக்கு வேற கணக்குத் தெரியாதே!"

அதற்குள் இரண்டாவது ஆமென்னும் வந்துவிட்டது. மேலதிகாரிக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "என்ட பேச்சுக்கு இப்படியொரு வரவேற்பை நான் எங்கேயும் கண்டதில்லை" என்றார். வேலை அந்த இடத்திலேயே உறுதியானது.

பல மதத்தவரும் இருக்கிற கந்தோர் ஆயிற்றே என்று, அடுத்த தடவை பாதியைப் பக்கத்து ஊரான தாராபுரத்து முஸ்லிம் பெண் நிஸ்மியாவிடம் கொடுத்தேன்.

"நான் பத்துக் கணக்கே போடயில்ல, எண்ணிப் பாருங்கோ" என்று பெருமையாகக் கொண்டுவந்தாள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்துமூன்றுக்கு ஒரு பெரிய மணி. அவள் வீட்டில் தொழுகை முடிந்து உருட்டுகிற தஸ்பீஹ் மாலையின் கணக்கு! அப்படியே பொதிகட்டிக் கந்தோருக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடத்தில் அக்காவின் விரல்கள் நன்றாக ஆறிவிட்டன. பிறகு திட்டம் முடிந்து கந்தோரையும் மூடினார்கள். ஆறிய விரல்களோடு அவர் வாடிக்கே திரும்பினார். அன்றைக்குப் பார்த்து என் வாய் ஓடவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

நேற்றும் ஆஸ்பத்திரியில் ஒருவர் ஒலிபெருக்கியில் ஒழுங்குவிதிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் பெருவிரல் அந்த நீல நாடாவில் மேலும் கீழும் போய்ப் பெரிய மணியைத் தேடியது. நாடா வழவழவென்று இருந்தது. அவர் பேசி முடித்தபோது ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை.