அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு

"வார்சா நகரத்துல எந்த அலமாரியும் என்கிட்டேருந்து ஒரு கதவை மறைச்சிட முடியாது!"

உலகப்போர் முடிந்த மறுவருஷம், நகரசபையின் வீட்டுப் பங்கீட்டு அலுவலகத்தில், மேசைமேல் ஏறி நிற்காத குறையாகக் குமாஸ்தா சிப்ரியான் முழங்கிய வாசகம் இது. பொய்யும் இல்லை. ஊரில் பெரும்பகுதி செங்கல் குவியல். மிச்சம் நின்ற வீடுகளைத் தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று நகரசபை பங்கு வைத்தது. ஓர் அறை உபரி என்று தெரிந்தால் போதும், மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவார். ஆகவே ஜனங்கள் அறைவாசலை அலமாரியால் அடைத்துவிட்டு முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டார்கள். சிப்ரியான் மண்டியிட்டு, அலமாரிக்கால் தரையில் கீறிய தடத்தைத் தேடுவார். அதன்பின் இந்த இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு அறைகளைப் பிடித்திருக்கிறார்.

அவருடைய சொந்த மாளிகை ஒற்றை அறை. நடுவே ஓர் அலமாரி. இந்தப் பக்கம் அவரும் மனைவி ஹலினாவும். அந்தப் பக்கம் மாமியார். "ஊருக்கே இடம் பங்கு போடற மகாராசன் நான். பொண்டாட்டிகிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்னா டிராம்ல ஏத்திக்கிட்டுப் போய்ச் சொல்றேன். வீட்டுல சொன்னா அலமாரிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பதில் வருதுய்யா!" என்று சக குமாஸ்தாக்களிடம் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்வார்.

சென்ற செவ்வாய்க்கிழமை கெனோவெஃபா அம்மாள் வீட்டுக்கு அளவெடுக்கப் போனார். இரண்டு அறை, ஏழு பேர், அடுப்பில் முட்டைக்கோஸ். கடைசி மகனுக்குப் போன மாதம்தான் கல்யாணம். சிப்ரியான் மண்டியிட்டார். அலமாரியடியில் பிறைபோல ஒரு கீறல், புத்தம் புதிதாக. நிமிர்வதற்குள் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. உடனே யாரோ அதைக் கையால் பொத்தினார்கள்.

"என்னம்மா அது?"

"எலிங்க ஐயா."

"சிரிக்குதே?"

"புதுசா கல்யாணமான எலி." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "சாமான் வைக்கிற பொந்து ஐயா அது. ரெண்டு பேர் படுத்தா கதவு திறக்காது. இந்த வீட்டுல அதுங்க தனியா இருக்க வேற மூலை இல்ல. நீங்க எழுதினா நாளைக்கே ஒரு பிரம்மச்சாரி வந்து படுத்துப்பான்."

"பிரம்மச்சாரிக்கு அது தாராளம்" என்றார் சிப்ரியான், சட்டப்படி. "என்னைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சிருப்பீங்களே?"

"விசாரிச்சேன் ஐயா. நாய் மாதிரி மோந்து பிடிப்பீங்கன்னாங்க."

"நாய்க்காவது தனிக் கூண்டு குடுப்பாங்கம்மா."

பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டார். பிறகு படிவத்தில், 'அலமாரி ஒன்று. பின்னால் சுவர்' என்று எழுதினார். அம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வாசலில் கிடந்த கால்மிதியைச் செருப்பு நுனியால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், அந்தக் கீறலின் மேல் நிறுத்தினார்.